கல்கிடங்கில் அரை லிட்டர்

முத்துக்கருப்பனுடைய வேலை, தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. அவரிடம் கேட்டால் மருந்து கலக்குகிறேன் என்றுதான் சொல்வார். எம். புதுப்பட்டிக்கு வெளியே கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிற பட்டாசுக் கம்பெனியில், நாலு பக்கமும் வாசல் வைத்த ஒரு சின்ன அறையில், விடிந்தும் விடியாததுமாக அவர் தனியாக உட்கார்ந்து வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் சலித்துக் கலப்பார். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அந்த அறைக்குள் இரண்டாவது ஆள் வரக்கூடாது. இரும்பு வரக்கூடாது, செருப்பு வரக்கூடாது. உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொடாமல் அவரே உள்ளே போகக்கூடாது. வேலை முடிந்ததும் பாத்திரத்தையும் தரையையும் தண்ணீர் விட்டுக் கழுவாமல் வெளியே வரக்கூடாது. இருபத்தாறு வருடம் இப்படிப் போயிருக்கிறது. ஒரு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தான் கூலி. அப்படிப்பட்ட வேலை பார்க்கிறவருக்கு அன்றைய நாளைப் பற்றி வீட்டில் வந்து சொல்ல எதுவும் இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவரிடம் ஒரு தீ இருந்தது. அது ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது.

ஆலங்குளத்துக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டு என்றைக்கோ கைவிட்ட ஒரு கல்கிடங்கு உண்டு. அடியில் ஊற்றுக் கண் திறந்து, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதில் தண்ணீர் கிடக்கும். சுற்றிலும் வெள்ளைச் சுவர்கள். உள்ளே இறங்கிவிட்டால் மேலே அடிக்கிற ஆனிக் காற்று கேட்குமே தவிர உடம்பில் படாது. சுண்ணாம்பு கரைந்த தண்ணீருக்கு ஒரு பச்சை. இலைப் பச்சையும் இல்லை, பாசிப் பச்சையும் இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அந்த நிறத்தைப் பார்க்க முடியாது. லாரிகள் ஏறி இறங்கிய பாதை கரையிலிருந்து அப்படியே தண்ணீருக்குள் இறங்கிப் போகும். சக்கரத் தடம்கூடக் கொஞ்ச தூரத்துக்குத் தெரியும். அதற்கப்புறம் இருட்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால், வேம்பாரில் ஒருவர் வேண்டாம் என்று போட்டிருந்த பழைய ஃபைபர் வள்ளத்தை வாங்கி, உப்பு லாரியில் ஏற்றி, முத்துக்கருப்பன் இங்கே கொண்டுவந்து இறக்கினார். சிவகாசி லேத் பட்டறையில் சொல்லி, வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற சின்னப் பெட்ரோல் இன்ஜினில் ஒரு நீளத் தண்டும் விசிறியும் பூட்டி வள்ளத்தின் பின்பக்கம் வைத்தார். கிடங்கை ஒட்டிப் பருத்தி போட்டிருந்த சின்னச்சாமி தன் மோட்டார் அறையில் இன்ஜினை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நாலைந்து பேர் வருவார்கள். எல்லோரும் பட்டாசிலும் அச்சாபீசிலும் வேலை பார்க்கிறவர்கள். பெட்ரோலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். எதிர்ச் சுவருக்கு அடியில் ஒரு கல் திட்டு இருந்தது. விரால் அங்கேதான் நிற்கும். அதுவரைக்கும் இன்ஜினில் போய்த் தூண்டில் போட்டுவிட்டு, சாயங்காலம் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கரைக்கு வருவார்கள். மீன் கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

மற்றவர்கள் மீனைப் பார்ப்பார்கள், முத்துக்கருப்பன் இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் உள்ளே பொறி விழுகிறது என்று லேத் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். ஆயிரம் தடவை. அவர் தொழிலில் ஒரு தடவை விழுந்தால் போதும். இங்கே ஆயிரம் தடவை விழுந்தும் வள்ளம் முன்னால் போவதைத் தவிர வேறெதுவும் ஆவதில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தால் சின்ன விஷயமாகப் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அது நியாயமான பயம்தான்.

வீட்டில் எண்ணெய் வகை எதுவும் வைப்பதில்லை. அடுப்புக்கு வருகிற ரேஷன் மண்ணெண்ணெய் மட்டும் விதிவிலக்கு. அதனால் பெட்ரோலை ஞாயிறு காலையில், கிடங்கிலிருந்து கேனை எடுத்துப்போய், ஆலங்குளம் பங்க்கில் வாங்கி அன்றைக்கே தீர்த்துவிடுவார். கடைசி ஒரு கை அளவை மட்டும் டேங்கில் ஊற்றாமல் வைத்து, வாரம் முழுக்க உள்ளங்கையில் ஏறியிருக்கிற அலுமினிய வெள்ளியைத் தேய்த்துக் கழுவுவார். பிறகு கேனைக் கிடங்குத் தண்ணீரில் நன்றாக அலசி, இறுக மூடி, சின்னச்சாமி மோட்டார் அறையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறுவார். வாசனை வீசுகிற காலிப் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்குக் கை வராது.

அவர் மனைவி முருகம்மாள் அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். ஆறு வருடத்தில் ஒரு நாளும் அவள் வள்ளத்தில் ஏறியதில்லை. கரைக்குக்கூட வந்ததில்லை. அந்த இன்ஜினை அவள் 'வெடிப்பெட்டி' என்றுதான் சொல்வாள். வாரத்தில் ஆறு நாள் பயந்து பயந்து இருந்துவிட்டு ஏழாவது நாள் காசு கொடுத்து அதன் மேலேயே போய் உட்காருகிற மனுசனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று பின்னல் ஷெட்டில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு மட்டும் இல்லை. அவளுடைய அண்ணன் ஒருவர் வேறொரு கம்பெனியில் மருந்து கலந்துகொண்டிருந்தார். ஒரு சித்திரை மாத மத்தியானத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் பெட்ரோல் விலை ஏறியது. அதற்கு முன்னாலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ஜூன் மாதம் ஒரே நாளில் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏற்றினார்கள். முதலில் வராமல் போனது திருத்தங்கல்காரர்கள் இரண்டு பேர். அவர்கள் வருவதே பைக்கில். வந்து போகிற பெட்ரோலுக்கே கூலி சரியாகப் போய்விடுகிறது, இதில் வள்ளத்துக்கு வேறு எங்கே போட என்று கேட்டார்கள். பிறகு புகழேந்தியும் நின்றான். சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிற பையன், ஆறு வருடமும் ஒரு ஞாயிறு தவறாதவன். அவனுக்கு நேரில் சொல்ல வெட்கம். போனில்தான் சொன்னான்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீக. வீட்டுப் பக்கத்துக் கம்மாயிலயே தூண்டில் போட்டுக்கிடுதேன். அங்கன கெடைக்கிறது பூராம் சிலேபிதான். ஆனா நடந்து போயி நடந்து வந்துரலாம்ல.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது என்று முத்துக்கருப்பன் சொன்னார். உண்மையாகவே அவருக்கு யார் மீதும் கோபம் வரவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் தனியாகப் போனார். இன்ஜினை எடுக்காமல், வள்ளத்தில் கிடந்த பலகைத் துடுப்பால் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போய்விட்டு வந்தார். சின்னச்சாமி மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஞாயிறு இறங்கி வந்து, சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடும், விசிறியைக் கழற்றிவிட்டு எனக்கே கொடுத்துவிடு, பருத்திக்குத் தண்ணீர் இறைத்துக்கொள்கிறேன் என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. இன்ஜின் அதற்காகத்தான் செய்யப்பட்டது. முத்துக்கருப்பன் அடுத்த ஞாயிறு சாயங்காலம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

 மூன்றாம் நாள் பின்னல் ஷெட்டுக்குப் போய் முருகம்மாளிடம், கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நீ அதில் வர வேண்டும் என்றார். எதற்கு என்று அவள் கேட்டாள்.  அந்தச் சத்தத்தை, பொறி விழுந்து விழுந்து வள்ளம் போகிற அந்தப் போக்கை, தன்னைத் தவிர இன்னொருத்தர், அதுவும் இவள், ஒரு தடவையாவது அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்படி யாரும் அறியாமல் போய்விட்டால் ஆறு வருடமும் தான் ஒருத்தனே கண்ட கனவு மாதிரி ஆகிவிடும். அவர் சொன்னது இவ்வளவுதான்: “சும்மாதான். வந்து பாரேன்.”

முருகம்மாள் சரத்தின் முனையை முடிச்சுப் போட்டாள். “குடுத்திருவீகள்ல?”

“குடுத்திருவேன்.”

“அப்பன்னா வாரேன்.”

அந்த ஞாயிறு அவர் அரை லிட்டர் மட்டும் வாங்கினார். கரையிலிருந்து எதிர்ச் சுவருக்கு எவ்வளவு, திரும்ப எவ்வளவு என்று அவருக்கு அத்துப்படி. அரை லிட்டர் சரியாக இருக்கும், ஒரு சொட்டு வீணாகக்கூடாது. கை கழுவ எடுத்து வைக்கிற கடைசி ஒரு கையையும் அன்றைக்கு டேங்கிலேயே ஊற்றினார். கேனைத் தலைகீழாகப் பிடித்து, ஓரத்தில் தட்டித் தட்டி, உள்ளே இருந்தது முழுவதையும் இறக்கினார்.

முருகம்மாள் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு வந்தாள். வள்ளத்தின் முன்பக்கம், இன்ஜினிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தாள். அவர் கயிற்றைச் சுற்றி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அவள் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு, எதுவும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, மெல்ல இறங்கியது.

தண்ணீருக்குள் இறங்கிய லாரிப் பாதைக்கு மேலே அவர்கள் போனார்கள். சக்கரத் தடங்கள் கீழே கொஞ்ச தூரம் கூடவே வந்து, பிறகு விட்டுவிட்டன. வானத்தில் நின்ற இரண்டு மேகமும் அடியில் கிடந்தன. வள்ளம் அவற்றைக் கிழிக்கும், அவை பின்னால் கூடிக்கொள்ளும். முருகம்மாள் ஒரு கையை வெளியே நீட்டினாள், தண்ணீரைத் தொடாமல் அதற்கு மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்தது. அந்த முதுகு என்ன நினைக்கிறது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது இன்ஜின் இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

நட்ட நடுக் கிடங்கு. சத்தம் நின்ற இடத்தில் எவ்வளவு பெரிய அமைதி இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வள்ளம் தன் போக்கில் கொஞ்சம் போய், மெதுவாகத் திரும்பி, பக்கவாட்டில் நின்றது.

அவர் கயிற்றை இழுத்தார். பத்துப் பதினைந்து தடவை இழுத்தார். முருகம்மாள் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்த மாதிரி இல்லை. வெடிப்பெட்டி வெடிக்கும் என்றுதான் பயந்தாளே ஒழிய நிற்கும் என்று இல்லை. அவருக்குத்தான் வியர்த்தது. ஆறு வருடத்தில் ஒரு நாளும் நிற்காதது, காட்ட வேண்டும் என்று கூட்டிவந்த நாளில் நின்றுவிட்டது.

பிளக் போய்விட்டதோ என்று அவர் சந்தேகப்பட்டார். பெட்ரோல் வருகிற திருகை மூடினார். பிளக்கைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து, வாயால் ஊதி, வயரோடு சேர்த்து இன்ஜின் உடம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை.

“என்ன பாக்குறீக?”

பொறி விழுகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது.  அவள் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து பின்பக்கம் வந்தாள். சரம் பின்னிப் பின்னி நூல் அறுத்த விரல்களைக் கூட்டி, பிளக்கைச் சுற்றி இரண்டு கையாலும் நிழல் கட்டினாள்.

“இப்ப இழுங்க.”

அவர் இழுத்தார். அவள் கைக்கூட்டுக்குள் ஒரு நீலப் புள்ளி விழுந்து மறைந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம், பல்லி சொல்வதைவிடச் சின்னதாக.

முருகம்மாள் கையை எடுக்கவில்லை. பதினெட்டு வயதிலிருந்து எது வரக்கூடாது என்று இரண்டு பேரும் செப்புத் தகட்டைத் தொட்டுத் தொட்டு உள்ளே போனார்களோ, அது அவள் கைக்கு அரைச் சாண் தூரத்தில், கூப்பிட்டதும் வந்துவிட்டுப் போயிருக்கிறது. அவள் முகத்தை அவர் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ரொம்ப நாளாகக் கேள்விப்பட்டுக்கொண்டே இருந்த ஒரு ஆளை முதல்முதலாக நேரில் பார்க்கிறவர் முகம் அப்படி இருக்கும்.

“இம்புட்டுக்கூண்டா இருக்கு,” என்றாள். பிறகு, “இன்னொருக்க இழுங்க.”

அவர் இன்னொரு தடவை இழுத்தார். அப்புறம் இன்னொரு தடவை. பிளக் நன்றாக இருக்கிறது என்பது முதல் தடவையே தெரிந்துவிட்டது. நாலாவதும் ஐந்தாவதும் எதற்கு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. வள்ளம் சுற்றிச் சுற்றி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுவர்கள் வரிசையாக வந்து போயின.

பொறி இருக்கிறது என்றால் பிழை பெட்ரோலில்தான். வள்ளத்தில் ஊறுகிற தண்ணீரை இறைப்பதற்கென்று கிடந்த டப்பாவைத் துடைத்து, டேங்கின் அடித் திருகைத் திறந்து அதில் பிடித்தார். முருகம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு அவருக்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

“அடியில தண்ணில்ல நிக்கிது.”

டப்பாவின் அடியில் தண்ணீர் தனியாக உருண்டு நின்றது, மேலே பெட்ரோல். எங்கிருந்து வந்தது என்று அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒவ்வொரு வாரமும் அவர் தானே அலசி இறுக மூடி வைத்த தண்ணீர். கேனைக் கவிழ்த்தாலும் கழுத்தோரத்தில் ஒரு வாய் தங்கிவிடும். இத்தனை வருடமும் அது அந்தக் கடைசி ஒரு கையோடு சேர்ந்து, அவர் உள்ளங்கை வழியாகவே வழிந்து போயிருக்கிறது. இன்றைக்கு ஒரு சொட்டு வீணாகக்கூடாது என்று தட்டித் தட்டி ஊற்றினார். ஊற்றியது அதைத்தான்.

அவர் அதைச் சொல்லக் கேட்டு முருகம்மாள் சிரித்த சிரிப்பு நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. “கம்பெனியில மருந்துச் சட்டி கழுவுற மாதிரி பெட்ரோல் டப்பாவக் கழுவி வச்ச ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான் இருப்பீக.”

அவருக்கும் சிரிப்பு வந்தது. மேலே நின்ற பெட்ரோலைப் பதமாகச் சாய்த்து டேங்குக்கு ஏற்றினார். மருந்து சலிக்கிற கை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. கார்புரேட்டரில் தங்கியதையும் வடித்துவிட்டார். ஆனால் இறக்கி ஏற்றியதில், சிந்தியது போக, மிச்சம் ஒரு டம்ளர் அளவுதான் தேறியது. எதிர்ச் சுவருக்குப் போகப் போதும். அல்லது கரைக்குத் திரும்பப் போதும். இரண்டில் ஒன்று.

கரைக்கே போய்விடலாம் என்று சொன்னார். சாயங்காலம் சின்னச்சாமி வந்து நிற்பார்.

முருகம்மாள் முன்பக்கம் போகாமல் அங்கேயே, இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “அங்கனயே போவோம். வாரதுக்குத்தான் பலகை கெடக்குல்ல.”

இந்தத் தடவை முதல் இழுப்பிலேயே பிடித்தது. எதிர்ச் சுவர் நெருங்க நெருங்க இன்ஜின் சத்தம் கல்லில் பட்டு இரண்டாகியது. இன்னும் நெருங்கியதும் எது இன்ஜின், எது சுவர் என்று பிரிக்க முடியவில்லை. சுவர் முழுவதும் ஒரே பெரிய நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது. முருகம்மாள் தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தாள், பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லாவிட்டாலும்.  தொட்டுவிடுகிற தூரத்தில் பெட்ரோல் தீர்ந்தது. வள்ளம் திட்டில் இடித்து நின்றது. கொஞ்ச நேரம் இருவரும் இறங்காமல் இருந்தார்கள்.

திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரே பலகை; இந்தப் பக்கம் நாலு தள்ளு, அந்தப் பக்கம் நாலு தள்ளு. முருகம்மாள் கொஞ்ச தூரம் வாங்கித் தள்ளினாள். வள்ளம் வட்டம் போட்டது, திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாதி வழியில், இதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டாள். அவர் கணக்குச் சொல்லத் தொடங்கினார்: ஆட்கள் வருவதில்லை, விலை இறங்கப் போவதில்லை, வாராவாரம் நம்மால் முடியாது. எல்லாம் சரிதான் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

“வாராவாரம் எதுக்கு? வருசத்துக்கு ஒருக்க ஓட்டுங்க.”

வருடத்துக்கு ஒரு நாளைக்காக ஒரு இன்ஜினை யாராவது வைத்திருப்பார்களா என்று அவர் கேட்டார்.

“நம்ம ஊரே வருசம் பூராம் ஒரு நாளுக்காகத்தான வேல பாக்குது,” என்றாள் முருகம்மாள். அவள் இதைப் பெரிதாக நினைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. கண் கரையில் விட்டிருந்த தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

முத்துக்கருப்பன் பலகையைத் தண்ணீரில் வைத்தபடியே கொஞ்ச நேரம் தள்ளாமல் இருந்தார். அந்தச் சொல்லில் குறை கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார். ஓரிரண்டு இருந்தன. ஓட்டாத இன்ஜின் துருப்பிடிக்கும். மாதம் ஒரு தடவையாவது எண்ணெய் விட்டுச் சும்மா சுற்றிவைக்க வேண்டும். பிறகு தள்ளத் தொடங்கினார்.

கரையில் சின்னச்சாமி விசிறியைக் கழற்ற ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தார். முத்துக்கருப்பன் வாயைத் திறப்பதற்குள் முருகம்மாள் இறங்கிப் போய், அண்ணாச்சி தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இன்ஜினைக் கொடுக்கிறதாக இல்லை என்று சொன்னாள். சின்னச்சாமி அவளையும் பார்த்தார், முத்துக்கருப்பனையும் பார்த்தார். பருத்திக்கு வேறு வழி பார்த்துக்கொள்வதில் அவருக்கு வருத்தம் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. இது ஓட இனி பெட்ரோலுக்கு எங்கே போவீர்கள் என்று மட்டும் கேட்டார்.

“வருசத்துக்கு ஒரு நாளுதான அண்ணாச்சி,” என்றாள்.

“அது எந்த நாளு?”

“தீவாளிக்கு மறுநாளு,” என்றார் முத்துக்கருப்பன். “கார்த்திகைக்கு,” என்றாள் முருகம்மாள், அதே மூச்சில்.

சின்னச்சாமி ஸ்பேனரை மடியில் செருகிக்கொண்டு மோட்டார் அறையைத் திறந்துவிடப் போனார். தீபாவளிக்கு மறுநாள் கம்பெனி பூட்டியிருக்கும், அதுதான் தோது என்று முத்துக்கருப்பன் சொன்னார். தண்ணீர் கார்த்திகையில்தான் இன்னும் மேலே ஏறியிருக்கும், சுவர் இன்னும் பக்கத்தில் தெரியும் என்று அவள் சொன்னாள். இன்ஜினை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு மேடேறினார்கள். பஸ் வருகிற வரைக்கும் அது முடிவாகவில்லை.